தாமே நிறுவும் வழங்கி: தொடக்க நிலையினர்க்கு ஓர் அறிமுகம்

ஒரு தமிழ்த்துறையின் செல்வம் யாது என முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் எவரேனும் வினவியிருப்பின், நூலக அடுக்குகளைச் சுட்டிக் காட்டியிருப்போம். இன்று அச்செல்வத்தின் பெரும்பகுதி அடுக்குகளில் இல்லை. மாணவர்தம் ஆய்வேடுகள், கருத்தரங்கக் கட்டுரைகள், செல்லரித்துப் போகுமுன் ஸ்கேன் செய்து காக்கப்பட்ட பழைய அச்சு நூல்கள், முதுபெரும் புலவர்களின் உரைகளைப் பதிவு செய்த ஒலிநாடாக்களின் மின்படிகள் ஆகிய யாவும் கணிப்பொறிக் கோப்புகளாகிவிட்டன. அக்கோப்புகள் எங்கே இருக்கின்றன எனக் கேட்டால்தான் விடை தடுமாறுகிறது. ஒரு பகுதி ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவரின் கூகுள் கணக்கில் இருக்கும். மற்றொரு பகுதி எவரோ ஒரு மாணவரின் பென் டிரைவில் இருக்கும். எஞ்சியது வாட்சாப் குழுவில் எப்போதோ பகிரப்பட்டு, இப்போது தேடினாலும் கிட்டாத நிலையில் இருக்கும்.

இதனைக் குறையாகக் கூறவில்லை. இலவசமாகக் கிடைத்த இடத்தில் வைத்தோம், அவ்வளவே. ஆயினும் இடத்துக்குரியவர் தம் விதியை மாற்றும்போது, வைத்தவர்க்குச் சொல் இல்லை என்பதைக் கடந்த கால் நூற்றாண்டு தெளிவாகக் காட்டியிருக்கிறது. 1990-களில் உலகெங்கும் எண்ணற்றோர் தம் இணையப் பக்கங்களை ஜியோசிட்டீஸ் என்னும் இலவசத் தளத்தில் அமைத்தனர். 1999-இல் அதனை விலைக்கு வாங்கிய யாகூ நிறுவனம் 2009 அக்டோபரில் அதனை மூடியது. ஆர்வலர் சிலர் இரவு பகலாக உழைத்துப் படியெடுத்தமையால் ஒரு பகுதி பிழைத்தது, ஏனையவை மறைந்தன. தமிழ் இலக்கணமும் சங்கப் பாடல்களும் விவாதிக்கப்பட்ட மடற்குழுக்கள் பலவற்றுக்கு இடமளித்த யாகூ குழுமங்கள் 2020 டிசம்பரில் மூடப்பட்டன. கல்வி நிறுவனங்கட்கு எல்லையற்ற சேமிப்பிடம் என்று வழங்கி வந்த கூகுள், 2022 ஜூலை முதல் நிறுவனம் ஒன்றுக்கு மொத்தம் 100 டெராபைட் என வரையறை செய்தது. 2023 டிசம்பர் முதல், ஈராண்டுகள் பயன்படுத்தப்படாத தனியார் கணக்குகளை நீக்கும் உரிமையையும் அந்நிறுவனம் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மேற்சொன்ன ஓய்வு பெற்ற பேராசிரியரின் கணக்கை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். நான் அறிந்த துறை ஒன்றில், பேராசிரியர் பணி நிறைவு பெற்ற சில திங்களில் அவருடைய கல்லூரி மின்னஞ்சல் கணக்கு முறைப்படி மூடப்பட்டது. அதனுள்ளே பதினோர் ஆண்டு ஆய்வேடுகள் இருந்தன என்பது, அடுத்த தர மதிப்பீட்டுக் குழு வந்து கேட்டபோதுதான் வெளிப்பட்டது.

இந்நிலையில், தம் கோப்புகளுக்குத் தாமே ஒரு வழங்கியை நிறுவிக் கொள்ளும் வழக்கம் உலகில் பரவி வருகிறது. கணிப்பொறி அறிவியல் பயிலாத ஒரு தமிழ் மாணவனோ ஆசிரியரோ இதனைத் தொடங்க இயலுமா, இயலுமெனின் எங்ஙனம் தொடங்குவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வழங்கி என்னும் சொல்

ஆங்கிலத்தார் சர்வர் என்பதனைத் தமிழில் வழங்கி என்கிறோம். சேவையகம் எனவும் எழுதுவர். முன்னதே பொருத்தமானது என்பது என் கருத்து. இகர விகுதி மண்வெட்டி என்னும் சொல்லில் கருவிப்பொருளையும், ஊருணி என்னும் சொல்லில் செயப்படுபொருளையும், அலரி என்னும் சொல்லில் வினைமுதற்பொருளையும் உணர்த்தும் என்று வகுப்பறையில் கற்பிக்கிறோம். வழங்கி என்பதில் அது வினைமுதற்பொருளில் வந்தது. கேட்போர்க்கு வழங்குவது எதுவோ அது வழங்கி. இந்த இலக்கணக் குறிப்பு வீண் ஆராய்ச்சி அன்று. தொடக்க நிலையினர் பெரிதும் மருளும் இடம் இதுவே. வழங்கி என்றவுடன் குளிரூட்டிய அறையில் விளக்குகள் மினுக்கும் பெரும் பெட்டியை எண்ணி அஞ்சுகின்றனர். வழங்குகிற வினையைச் செய்வது பெட்டியன்று, அதனுள் ஓடும் ஒரு மென்பொருள். ஒரு கணிப்பொறி, "இந்தக் கோப்பைத் தருக" எனக் கேட்கிறது. மற்றொரு கணிப்பொறியில் எந்நேரமும் செவி கொடுத்துக் காத்திருக்கும் மென்பொருள் அதனை எடுத்துத் தருகிறது. அம்மென்பொருளை எந்தக் கணிப்பொறியில் இயக்கினாலும் அக்கணிப்பொறி வழங்கியே.

உலகின் முதல் இணைய வழங்கியும் இத்தகையதே. டிம் பெர்னர்ஸ்-லீ 1990-இன் இறுதியில், ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில், தம் மேசை மேலிருந்த நெக்ஸ்ட் கணிப்பொறியிலேயே அதனை இயக்கினார். இது வழங்கி, இதனை அணைத்துவிடாதீர் என்னும் வேண்டுகோளைச் சிவப்பு மையால் எழுதி அதன்மேல் ஒட்டியும் வைத்தார். நம் கல்லூரிகளில் மாலை ஐந்து மணிக்கு எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துச் செல்லும் நற்பழக்கமுடைய அலுவலக உதவியாளர்கள் உள்ளனர். ஆதலின் அந்தச் சீட்டு இன்றும் தேவைப்படும்.

எது தேவை

புதிய பொருள் ஒன்றும் வாங்க வேண்டுவதில்லை. ஆய்வகத்திலிருந்து கழிக்கப்பட்ட பழைய மேசைக் கணிப்பொறியோ, திரை உடைந்த மடிக்கணினியோ போதும். நினைவகம் 4 ஜி.பி. இருந்தால் தொடங்கலாம், 8 இருந்தால் நன்று. இயங்குதளத்துக்கு ஒரு சிறிய எஸ்.எஸ்.டி., கோப்புகளுக்கு ஒரு பெரிய வன்தட்டு என இரண்டாகப் பிரித்துக் கொள்வது பின்னர்ப் பழுது நேரும்போது உதவும். மின்தடை நம் ஊர்களில் அறவே நீங்கிவிடவில்லை, ஒரு யு.பி.எஸ். கட்டாயம். மடிக்கணினியாயின் அதன் மின்கலமே ஓரளவுக்கு அவ்வேலையைச் செய்யும்.

ஆட்சிக்குழுப் பெரியோர்கள் முதலில் கேட்கும் வினா மின்கட்டணம் பற்றியதாகவே இருக்கும். அது நேரிய வினாவே. 30 வாட் இழுக்கும் சிறு கணிப்பொறி நாள் முழுதும் ஓடினால் நாளொன்றுக்கு 0.72 யூனிட், 30 நாளில் ஏறத்தாழ 22 யூனிட். பழைய மேசைக் கணிப்பொறி 60 வாட் இழுக்குமாயின் 43 யூனிட். 2012-இல் இங்கிலாந்தில் மாணவர்க்கென வெளிவந்த ராஸ்பெர்ரி பை என்னும் உள்ளங்கைக் கணிப்பொறி இதனினும் மிகக் குறைவாகவே இழுக்கும். எனினும் முதல் முயற்சிக்குப் பழைய கணிப்பொறியையே பரிந்துரைப்பேன். அதனைத் திறந்து பார்க்கலாம், உறுப்பை மாற்றலாம். கெட்டால் வருந்த வேண்டுவதில்லை.

இயங்குதளத்துக்கு லினக்ஸ் வகையுள் டெபியன் தகுந்தது. இயன் மர்டாக் என்னும் மாணவர் 1993-இல் தொடங்கியது அது. தம் பெயரையும் தம் காதலி டெப்ராவின் பெயரையும் இணைத்து அதற்குப் பெயரிட்டார். இன்று உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் அதனைப் பேணி வருகின்றனர். விலையில்லை. அடிக்கடி மாறாத இயல்புடையதாதலின் ஒருமுறை கற்றது நெடுநாள் பயன்படும்.

முதற்பாடம் நான்கு சுவர்களுக்குள்

தொடங்குவோர் பலர் முதல் நாளிலேயே தம் வழங்கியை உலகுக்குத் திறந்து காட்ட விழைகின்றனர். ஆர்வம் இயல்பு, முறை தவறு. முதல் மூன்று திங்களேனும் வழங்கி துறையின் நான்கு சுவர்களுக்குள்ளேயே பணி செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

டெபியனை நிறுவும்போது எவ்வெம் மென்பொருள்கள் வேண்டும் என ஒரு பட்டியல் தோன்றும். மேசைச் சூழல் வேண்டா என விடுத்து, இணைய வழங்கி, எஸ்.எஸ்.எச். வழங்கி என்னும் இரண்டை மட்டும் தேர்ந்தால் போதும். நிறுவி முடிந்ததும் அப்பாச்சி என்னும் மென்பொருள் செவி கொடுத்துக் காத்திருக்கத் தொடங்கிவிடும். துறையின் ரௌட்டர் அக்கணிப்பொறிக்கு 192.168.1.20 என்பது போன்ற ஓர் உள்முகவரியை அளித்திருக்கும். அவ்வெண்ணை அதே வைஃபையில் உள்ள கைப்பேசியின் உலாவியில் இட்டால் அப்பாச்சியின் வரவேற்புப் பக்கம் தோன்றும். மாணவர் முகத்தில் ஒளி தோன்றும் இடமும் அதுவே. அவ்வரவேற்புக் கோப்பை அகற்றிவிட்டு ஆய்வேடுகளின் பி.டி.எஃப். கோப்புகளை அந்தக் கோப்புறையில் இட்டால், அவற்றின் பட்டியலே பக்கமாகத் தோன்றும். அழகில்லை, ஆனால் ஒரு துறையின் ஆய்வேடுகள் அனைத்தும் ஓரிடத்தில், எவர் தயவுமின்றி, கையெட்டும் தூரத்தில் வந்துவிட்டன. ரௌட்டர் அம்முகவரியை நாளை வேறொரு கருவிக்கு அளித்துவிடக் கூடும். ஆதலின் அதனை இக்கணிப்பொறிக்கே நிலையாக ஒதுக்குமாறு ரௌட்டரின் அமைப்பில் குறித்துவிட வேண்டும்.

இதன்பின் நெக்ஸ்ட்கிளவுட் போன்ற மென்பொருள்களுக்குச் செல்லலாம். 2016-இல் தோன்றிய இது, பயனர் ஒவ்வொருவர்க்கும் தனிக் கணக்கு அளித்துக் கோப்புகளைப் பகிர உதவுவது. நூலகப் பட்டியலுக்கு நியூசிலாந்து நாட்டில் பிறந்த கோஹாவும், ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா பயன்படுத்தும் டிஸ்பேஸும் உள்ளன. இவை யாவும் கட்டற்ற மென்பொருள்களே. எனினும் ஒன்றைக் கற்று நிலைபெறும் வரை மற்றொன்றை நிறுவாதிருத்தல் நலம்.

தமிழ்த்துறைக்கே உரிய சிக்கல் ஒன்றனை இங்குக் கூற வேண்டும். பொதுவான வழிகாட்டு நூல்கள் இதனைப் பேசுவதில்லை. கோப்புகளுக்குத் தமிழில் பெயரிடலாம், லினக்ஸ் ஏற்கும். ஆனால் யூனிகோடு முறையில் 'கொ' என்னும் எழுத்தை இருவகையாகக் குறியேற்றலாம். ககரத்தின்பின் ஒகர உயிர்க்குறியை ஒரே குறியாக இடுவது ஒன்று. கொம்பையும் காலையும் தனித்தனியே இடுவது மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. லினக்ஸோ பெயரை எழுத்தாகப் பாராமல் எண்வரிசையாகப் பார்ப்பதால் அவற்றை இரு வேறு கோப்புகளாகக் கொள்ளும். 'கொங்கு நாட்டுப்புறப் பாடல்கள்' என ஒரே பெயரில் இரு கோப்புகள் நிற்பதும், தேடினால் ஒன்றே கிட்டுவதும் இதனால்தான். ஆதலின் கோப்பின் பெயரை ஆண்டு, வரிசை எண் என எண்களால் அமைத்து, தமிழ்த் தலைப்பைத் தனி அட்டவணை ஒன்றில் எழுதுவதே பாதுகாப்பு. பாமினி முதலான பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட ஆய்வேடுகளையும் யூனிகோடுக்கு மாற்றிய பின்னரே வழங்கியில் ஏற்ற வேண்டும். இல்லையேல் அவை படிக்கக் கிடைக்கும், தேடக் கிடைக்கா.

காப்புப்படி

சொந்த இடத்தில் வைத்தால் பொருள் தப்பிவிடும் என்று எண்ணுவது பிழை. பிறர் இடத்தில் வைத்தபோது அவர் விதி மாறும் அச்சம் இருந்தது. சொந்த இடத்திலோ வன்தட்டு பழுதாகும், மழைநீர் புகும், ஒரு மாணவர் தவறான கட்டளை இட்டு முழுக் கோப்புறையையும் அழித்துவிடுவார். பெரு நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. 2021 மார்ச் 10 அன்று பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீப்பற்றி எரிந்தது. தம் காப்புப்படியையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர் சிலர் இரண்டையும் ஒருசேர இழந்தனர்.

இத்துறையினர் மூன்று, இரண்டு, ஒன்று என ஒரு விதி கூறுவர். ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று படிகள். அவை இருவேறு வகைச் சாதனங்களில். அவற்றுள் ஒன்று வேறோர் ஊரிலோ குறைந்தது வேறொரு கட்டடத்திலோ. நம் நிலைக்கு அதனை இவ்வாறு கொள்ளலாம்: மூலப்படி வழங்கியில், இரண்டாம் படி யு.எஸ்.பி. வன்தட்டில், துறைத்தலைவரின் இரும்பு அலமாரியில். மூன்றாம் படி கல்லூரியின் வேறு கட்டடத்தில், அல்லது கடவுச்சொல்லால் மறைகுறியாக்கம் செய்து ஒரு வணிகச் சேமிப்புத் தளத்தில். மூன்றாவது இடத்துக்குக் கூகுளையே பயன்படுத்தினாலும் இழுக்கில்லை; அது ஒரே இடமாக இருப்பதே தவறு.

படியெடுக்க ஆர்சிங்க் என்னும் கருவி 1996 முதல் வழக்கிலுள்ளது. மாறிய பகுதியை மட்டும் படியெடுப்பதால் விரைவாக முடியும். ஆனால் மூலத்தில் அழிந்ததைப் படியிலும் அழிக்குமாறு அதனைப் பணிக்க முடியும். அவ்வாறு பணித்துவிட்டு நிம்மதியாக உறங்குவோர் உளர். நேற்றைய பிழை இன்று படியிலும் ஏறிவிடும். எனவே திங்கள்தோறும் நாளிட்ட தனிப்படி ஒன்று வேண்டும். இரண்டு வன்தட்டுகளில் ஒரே நேரத்தில் எழுதும் ரெய்டு முறையும் காப்புப்படி ஆகாது. அது தட்டுப் பழுதுக்கு மருந்து, கைப்பிழைக்கு மருந்தன்று.

எல்லாவற்றினும் முதன்மையானது மீட்டுப் பார்த்தல். பருவத்துக்கு ஒருமுறை, வேறொரு பழைய கணிப்பொறியில், காப்புப்படியிலிருந்து முழு வழங்கியையும் மாணவர்கள் மீண்டும் எழுப்பிக் காட்ட வேண்டும். அதனைச் செய்முறைத் தேர்வாகவே வைக்கலாம். திறந்து பார்க்கப்படாத காப்புப்படியைக் காப்புப்படி என நான் எண்ணுவதில்லை.

வெளியுலகுக்குத் திறத்தல்

துறைக்குள் நன்கு பழகிய பின்னரே வெளியே திறத்தல் பற்றி எண்ண வேண்டும். அப்போது முதலில் எதிர்ப்படுவது முகவரிச் சிக்கல். பழைய முறையில் உலகிலுள்ள இணைய முகவரிகள் மொத்தம் ஏறத்தாழ 429 கோடி. அவற்றின் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. ஆகவே இணைய நிறுவனங்கள் ஒரே வெளிமுகவரியைப் பல இல்லங்களுக்குப் பங்கிட்டு அளிக்கின்றன. அத்தகைய இணைப்பில் உள்ளிருந்து வெளியே செல்லலாம். வெளியிலிருந்து நம் வழங்கியைத் தேடி எவரும் நேரே வர இயலாது. ரௌட்டர் காட்டும் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் நிலை இதுவே என அறியலாம். நிலையான முகவரியை நிறுவனத்திடம் கட்டணம் செலுத்திக் கேட்டுப் பெறலாம். புதிய முறையாகிய ஐ.பி.வி.6 வழியே செல்லலாம்.

இரண்டாவது, பாதுகாப்பு. வழங்கி வெளியே தெரிந்த சில நிமிடங்களுக்குள்ளாகவே, முகமறியாத நிரல்கள் கதவைத் தட்டிப் பார்க்கத் தொடங்கும். நம்மீது பகை கொண்டன்று. உலகின் எல்லாக் கதவுகளையும் அவை ஓயாது தட்டுகின்றன. தொலைவிலிருந்து வழங்கியை இயக்கும் எஸ்.எஸ்.எச். முறையே இத்தகைய திருட்டிலிருந்து பிறந்ததுதான். 1995-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் களவு போனமையால், அங்கிருந்த டாட்டு யுலோனன் அதனை உருவாக்கினார். அதில் கடவுச்சொல்லுக்கு மாற்றாகத் திறவுகோல் கோப்பைப் பயன்படுத்தும் வசதி உண்டு. அதனையே கைக்கொண்டு கடவுச்சொல் வழியை அடைத்துவிட வேண்டும்.

மென்பொருள் புதுப்பிப்பை நாளை பார்ப்போம் என ஒத்திவைப்பதன் விலையை 2017 மே 12 அன்று உலகம் கண்டது. வான்னாக்ரை என்னும் தீநிரல் அன்று பரவி, இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் நோயாளர்களைத் திருப்பியனுப்பும் நிலையை உண்டாக்கியது. அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மார்ச்சு திங்களிலேயே அடைப்பு வெளியிட்டிருந்தது. இடையே ஏறத்தாழ ஈராண்டு இல்லை, இரு திங்களே இருந்தன. டெபியனில் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தாமே நிறுவப்படுமாறு அமைக்கலாம்.

பெரும்பாலான துறைகட்கு உலகுக்கே திறக்கும் தேவை இல்லை; தம் ஆசிரியரும் மாணவரும் வீட்டிலிருந்து அணுகினால் போதும். அதற்கு வயர்கார்டு என்னும் மறைவழி உண்டு. 2020 மார்ச்சு முதல் லினக்ஸின் கருவிலேயே அது அடங்கியுள்ளது. உரிய திறவுகோல் இல்லாதார் தட்டினால் அது மறுமொழியே கூறாது. பொதுமக்கட்கே திறப்பதாயின் சொந்தப் பெயர் ஒன்றைப் பதிவு செய்து, லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் அமைப்பு 2015 முதல் விலையின்றி வழங்கும் சான்றிதழைப் பெற்றுப் பரிமாற்றத்தை மறைகுறியாக்க வேண்டும்.

எவற்றைத் திறக்கலாம் என்பது தனி ஆய்வு. நம் நாட்டில் பதிப்புரிமை ஆசிரியர் வாழ்நாளுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் நீடிக்கும். ஸ்கேன் செய்து வைத்திருக்கிறோம் என்பதால் வெளியிடும் உரிமை வந்துவிடாது. மாணவரின் ஆய்வேட்டுக்கும் அவரது எழுத்து இசைவைப் பெறுவதே முறை. சேர்க்கைப் படிவத்துடனேயே அதனைப் பெற்றுவிடலாம்.

மின்னஞ்சல் வழங்கியைத் தொடக்க நிலையினர் தொட வேண்டா. அனுப்பும் மடல்களைப் பிற நிறுவனங்கள் குப்பைக் கோப்புறையில் தள்ளிவிடும். அதனைச் சரிசெய்வது தேர்ந்தோர்க்கே தலைவலி.

யார் பேணுவது

ஊருணியை வெட்டியவர் பெயரைக் கல்லில் பொறிப்பர். ஆண்டுதோறும் தூர் வாரியவர் பெயர் எங்கும் இராது. வழங்கியும் அப்படியே. ஆர்வமுள்ள ஒரே மாணவர் நிறுவி, அவர் பட்டம் பெற்றுச் சென்றதும் கடவுச்சொல் அறிந்தவர் எவருமின்றி ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருக்கும் வழங்கி, கூகுள் கணக்கினும் கேடானது. புதுப்பிப்பு நின்றுபோன பெட்டி பிறரைத் தாக்கும் கருவியாகவும் ஆகிவிடும். இதற்கு ஆள் கிடைக்காத துறை வழங்கி நிறுவாமல், மூன்று வன்தட்டுகளில் படியெடுத்து மூன்று இடங்களில் வைத்துக் கொள்வதே மேல் என வெளிப்படையாகக் கூறிவிடுகிறேன்.

ஆள் உண்டெனில், மூவர் வேண்டும்: ஓர் ஆசிரியர், முதுகலை மாணவர் ஒருவர், அவருக்கு அடுத்த ஆண்டு மாணவர் ஒருவர். ஒவ்வோர் ஆண்டும் மூத்தவர் விலக, இளையவர் கற்பிப்பவராக உயர்வார். கடவுச்சொற்கள் உறையிட்டு முத்திரையிடப்பட்டு முதல்வர் அலுவலகப் பெட்டகத்தில் இருக்க வேண்டும். மாற்றும்போதெல்லாம் உறையும் மாற வேண்டும். வழங்கியின் அருகே கட்டுப்போட்ட ஒரு பதிவேடு, காகிதத்தாலானது, இருக்க வேண்டும். அதில் நாள், செய்த மாற்றம், இட்ட கட்டளை, செய்தவர் கையொப்பம் என நான்கு பத்தி. கடைசிப் பக்கத்தில் காப்புப்படி எடுத்த நாளும், அதனை மீட்டுப் பார்த்த நாளும் தனியே. கணிப்பொறி எழாத நாளில் கணிப்பொறிக்குள் எழுதி வைத்த குறிப்பு கைக்கு வராதாகையால், இப்பதிவேட்டைக் கையால் எழுதுவதையே எம் மாணவர்க்கு முதற்பயிற்சியாக அளிக்கிறேன்.